குடும்ப எண்

எனக்குச் சோறு போடுவது டேட்டாபேஸ். ஒரு டேபிளை, அதாவது தகவல் அட்டவணையை, இன்னொரு டேபிளோடு சேர்த்துவிடுவதுதான் அன்றாட வேலை. அதனாலோ என்னவோ, 2018 கோடையில் டெக்சஸில் அலுவலகமே எல்லையில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது என் புத்தி ஓர் இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. பிரிப்பதற்கு ஆணை போட்டவர்கள், திரும்பச் சேர்க்க டேபிளில் ஒரு நெடுவரிசைகூட வைக்கவில்லையே!

அந்த ஏப்ரலில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் ‘ஜீரோ டாலரன்ஸ்’ கொள்கையை அறிவித்தார். மெக்சிகோ எல்லையை அனுமதியில்லாமல் கடந்தால் கிரிமினல் வழக்கு. பெற்றோரை வழக்குக்குக் கொண்டுபோனதும், பிள்ளை காகிதத்தில் ‘துணையின்றி வந்த சிறார்’ ஆகிவிடும். அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்த குழந்தை துணையில்லாமல் வந்ததாம்! பெற்றோர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கையில், பிள்ளை சுகாதாரத் துறையின் கையில். இரண்டு கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெற்றோரும் பிள்ளையும் ஒரே குடும்பம் என்று காட்ட முதலில் போட்ட குடும்ப எண்ணையும் நூற்றுக்கணக்கான பதிவுகளில் அழித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

நானும் ஒருமுறை இப்படிச் செய்திருக்கிறேன். பழைய நிறுவனம் ஒன்றில், தேவையில்லை என்று நினைத்து வாடிக்கையாளர் எண் இருந்த நெடுவரிசையைத் தூக்கிவிட்டேன். பெயரை வைத்துச் சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரே பெயரில் நாற்பது பேர், ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். மூன்று நாள் தூக்கமில்லை. கடைசியில் முந்தின வாரத்து பேக்கப் காப்பாற்றியது. அங்கே போனவை பில்கள்தான். இங்கே தன் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத வயதுப் பிள்ளைகள்.

ஜூன் 20 அன்று ட்ரம்ப் பிரிப்பதை நிறுத்தக் கையெழுத்துப் போட்டார். சரி, ஏற்கெனவே பிரிந்தவர்கள்? அதற்கு அந்த ஆணையில் பதில் இல்லை. ஆறு நாள் கழித்து சான் டியேகோ நீதிபதி டேனா சப்ரா பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கக் கெடு வைத்தார்: ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் 14 நாள், மற்றவர்களுக்கு 30 நாள். பிரிப்பை எதிர்த்து அந்த வழக்கைத் தொடங்கியவர் காங்கோவிலிருந்து வந்த ஒரு தாய். அவர் சான் டியேகோ பக்கம் அடைபட்டிருக்க, ஏழு வயது மகள் சிகாகோவில். கைதியின் பணம், கார், ஆவணம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது, பிள்ளைகளுக்கு அந்த அளவு கணக்குகூட இல்லை என்று சப்ரா எழுதியிருந்தார். படித்துவிட்டு ஒரு நிமிடம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டிஎன்ஏ சோதனை. கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு, யார் பிள்ளை என்று லேபில் கேட்டார்கள். அழித்த எண்ணுக்கு எச்சில்தான் மாற்று! நூற்றுக்கணக்கான பெற்றோரை அதற்குள் பிள்ளையில்லாமலே ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களைத் தேடி வழக்கறிஞர்களும் தன்னார்வலர்களும் குவாத்தமாலா, ஹோண்டுராஸ் கிராமங்களில் அலைந்தார்கள். திரும்பக் கிடைத்த தாயை அடையாளம் தெரியாமல் விலகிப்போன பொடிசுகளும் உண்டு.

2021இல் பைடன் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தார். 2023 டிசம்பரில் சப்ரா ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தார்: இதே மாதிரி பிரிக்கும் கொள்கைக்கு எட்டு வருடத் தடை. அதாவது 2031 டிசம்பர் வரை. காலாவதித் தேதி உள்ள எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். காலண்டரில் ஒரு ரிமைண்டர் போட்டு வைத்திருக்கிறேன்.