மேக் பிளஸ் திரை: 7.11-க்கு 4.75

மார்ச் 3

ஆப்பிளின் மேக்கின்டாஷ் பிளஸ் கணினி, 1986 மாடல். அதன் திரைப் படத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் குறிப்புகள் இவை. 9 இன்ச் என்பது பிக்சர் டியூபின் மூலைவிட்டம்; படம் அதைவிடச் சிறியது. 512 × 342 பிக்சல், இன்ச்சுக்கு 72. அகலம் 7.11 இன்ச் (180.6 மி.மீ.), உயரம் 4.75 இன்ச் (120.7 மி.மீ.). சுற்றிலும் கறுப்பு விளிம்பு இருந்தே தீரும். இடம் வீணாகிறதே என்று படத்தைக் கண்ணாடி முழுக்க இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. இழுத்தால் 72 கணக்கு போச்சு. திரையில் 3 இன்ச் கோடு இமேஜ்ரைட்டர் பிரிண்டரின் காகிதத்திலும் 3 இன்ச்சாக வரும் என்பதுதானே இந்தக் கணினியின் பெருமையே! (பிரிண்ட் செய்யும்போது 'டால் அட்ஜஸ்டட்' தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் வட்டம் முட்டையாகிவிடும்.)

மார்ச் 4

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். குளிர்ந்த டியூபில் எடுத்த அளவு நிற்காது. ஒளி ஊடுருவும் ஓஎச்பி பிளாஸ்டிக் ஷீட்டில் 180.6 × 120.7 சட்டம் வரைந்து கண்ணாடியில் ஒட்டி, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு விளிம்புக்கும் நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். கண்ணாடி தடிமன், சாய்ந்து பார்த்தால் இரண்டு மி.மீ. சுலபமாகத் தப்பும். அடுத்து மேக்பெயின்ட் என்ற வரையும் மென்பொருளில் 216 பிக்சல் சதுரம்: எல்லாப் பக்கமும் 76.2 மி.மீ. வர வேண்டும்.

மார்ச் 6

அகலத்தைத் தொடுமுன் மின் சப்ளையைப் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் 19 பின் ஃப்ளாப்பி சாக்கெட்டில் 6-ஆம் பின்னில் 5 வோல்ட், 7, 8-இல் 12. 1 முதல் 4 வரை கிரவுண்ட். கேபினெட்டைத் திறக்காமலே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். 5-உம் 12-உம் ஒரே ப்ரீசெட்டில் (போர்டில் இருக்கும் சிறு திருகு குமிழ்) ஏறி இறங்கும், கூடவே படத்தின் அளவும் மாறும். அளவை முதலில் சரிசெய்தால் அந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

திறக்க நீளமான டி15 டார்க்ஸ் (நட்சத்திர முனைத் திருகி). ஐந்து ஸ்க்ரூ: கைப்பிடிக் குழிக்குள் இரண்டு, கீழே இரண்டு, பேட்டரி மூடிக்குள் ஒன்று. கடைசியைத்தான் பலரும் மறந்துவிட்டு நெம்புவார்கள். ஆனோடில் (டியூபின் உயர் மின்னழுத்த முனை) தேங்கியிருக்கும் சார்ஜை டியூபின் கிரவுண்ட் கம்பிக்கு இறக்கவும். லாஜிக் போர்டு (சிப்கள் உள்ள முதன்மை போர்டு) பக்கம் கொண்டுபோகவே கூடாது.

மார்ச் 7

முதலில் கட்-ஆஃப், அதாவது படத்துக்கு வெளியே திரை கறுப்பாகும் எல்லை. முன்பக்க பிரைட்னஸ் குமிழை முழுக்க ஏற்றி, படத்துக்கு வெளியே சாம்பல் படலம் மறையும் இடத்தில் கட்-ஆஃப் ப்ரீசெட்டை நிறுத்த வேண்டும். பிறகு குமிழைத் தினசரி வைக்கும் இடத்துக்கு இறக்கிவிட்டு அளவைப் பார்க்கலாம். வெளிச்சம் கூடினால் ஈஎச்டி (டியூபுக்குப் போகும் உயர் மின்னழுத்தம்) தொய்ந்து படம் உப்பும் என்பதால்தான் இந்த வரிசை.

உயரம் அதற்கான ப்ரீசெட்டில். அகலம் அதற்கான காயிலின் (கம்பிச்சுருள்) அறுகோணத் துளையில்: பிளாஸ்டிக் திருகி மட்டும். இரும்பு ஆலன் கீ உள்ளே இருக்கும்போது ஒரு அகலம், வெளியே எடுத்ததும் வேறு அகலம். கொஞ்சம் அழுத்தினால் காயிலுக்குள் இருக்கும் ஃபெரைட் துண்டு நொறுங்கும். படம் நடுவில் இல்லையென்றால் யோக்கின் (டியூபின் கழுத்தில் மாட்டிய காயில் தொகுதி) பின்னால் இருக்கும் இரண்டு காந்த வளையங்களைத் திருப்பவும். கழுத்து போர்டை இடிக்காமல் கையை நகர்த்தவும். அங்கே உடைந்தால் டியூபே போய்விடும்.

மார்ச் 9

சரிசெய்த அகலம் நிற்காமல் சுருங்கி விரிந்தால் காயிலைக் குறை சொல்ல வேண்டாம். யோக் கனெக்டர் ஜே1-இல் ட்ரை சால்டர் (விட்டுப்போன ஈயப்பற்று): பின்னைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு தெரியும். கேபினெட்டின் இடப்பக்கம் தட்டினால் படம் திரும்பி வருவதும், ஒற்றைக் கோடாகச் சுருங்குவதும் இதனால்தான். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வைக்கவும். அதற்கும் அடங்கவில்லை என்றால் சி1 கெபாசிட்டரை மாற்றவும்: 3.9 மைக்ரோஃபாரட், நான்-போலார் (பிளஸ், மைனஸ் இல்லாதது).

மார்ச் 12

அமெரிக்க அனலாக் போர்டு (மின் சப்ளையும் திரைச் சுற்றும் உள்ள போர்டு) 120 வோல்ட். நம் 230-இல் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அதை இடப்பக்கம் ஒட்டி வைத்தால் விளிம்புகள் நெளியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், திரை 60.15, இரண்டுக்கும் வித்தியாசம் நொடிக்குப் பத்து, அதுதான் நெளிவாகத் தெரிகிறது. ப்ரீசெட்டைத் திருப்பி இது போகாது. டிரான்ஸ்ஃபார்மரை ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு அளக்கவும்.