டாக் ரிப்போர்ட்டில் என் பெயருக்கு எதிரே இருந்த வரி

அமெரிக்காவில் டிரக் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. பழைய கம்பெனி நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதும் முக்கியம். டிரைவர்கள் 'டாக் ரிப்போர்ட்' என்று சொல்லும் பின்னணி அறிக்கையில் எனக்கு எதிரே 'தவிர்த்திருக்கக்கூடிய விபத்து' என்று இருந்தது. நடந்தது இதுதான். ஐ-80 நெடுஞ்சாலையில் சாலை வேலை நடந்த இடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த கார் டிரெய்லரின் பின்பக்கத் தடுப்புக் கம்பியில் மோதியது. காரை இழுவை வண்டி வந்து தூக்கிப்போனது.

வண்டியை இழுத்துப் போகும் அளவுக்குச் சேதம் என்றால், தப்பு யார் மீது இருந்தாலும், மத்திய அரசு விதிப்படி அது கணக்கில் வரும் விபத்து. அதைப் பழைய கம்பெனி சொல்லியே ஆக வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. 'தவிர்த்திருக்கலாம்' என்பதோ அவர்களாகச் சேர்த்த தீர்ப்பு. அதை நம்பித்தான் புதிய கம்பெனி கையை விரித்தது. நின்ற வண்டியில் இருந்தவனை இப்படி எழுதலாமா என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் அறிக்கையைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் அதன் நகலை வாங்கினேன். அதைக் காரணம் காட்டி வேலை மறுத்தால், 60 நாளுக்குள் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். தவறு என்று எழுதிக் கொடுத்தால் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். கொடுத்தேன். அந்த நிறுவனம் பழைய கம்பெனியிடமே கேட்டது, 'சரியான தகவல்தான்' என்று பதில் வந்தது. பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

போக்குவரத்துத் துறையின் 391.23 விதி தனி வழி. வேலை மறுத்த கம்பெனியிடம் 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டால், பழைய கம்பெனி அனுப்பிய பாதுகாப்பு விவரங்களைக் காட்ட வேண்டும். அப்புறம் பழைய கம்பெனிக்குத் திருத்தக் கோரிக்கை. 15 நாளுக்குள் திருத்த வேண்டும், இல்லையென்றால் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும். என் விஷயத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் மறுப்பு அறிக்கை அனுப்பினேன். அதை என் பதிவோடு இணைத்து, இனி கேட்பவர்களுக்கெல்லாம் சேர்த்தே அனுப்புவது அவர்கள் கடமை. மறுப்பில் ஆத்திரத்தைக் கொட்டவில்லை. இடம், நேரம், என் வேகம் பூஜ்யம், போலீஸ் அறிக்கை எண், அவ்வளவுதான்.

அரசுப் பதிவு வேறு. பிஎஸ்பி எனப்படும் அதில் 5 ஆண்டு விபத்துகளும் 3 ஆண்டு சாலையோர வண்டிச் சோதனைகளும் இருக்கும். அரசுப் பதிவை மறுஆய்வு செய்யக் கேட்கும் டேட்டாக்யூஸ் இணையதளத்தில் போலீஸ் அறிக்கையையும் டாஷ்கேம் காட்சியையும் ஏற்றி, பின்னாலிருந்து மோதப்பட்ட விபத்து என்று மறுஆய்வு கேட்டேன். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் 'தவிர்க்க இயலாதது' என்று முடிவு வந்தது. விபத்து பதிவிலிருந்து போகவில்லை, பக்கத்திலேயே அந்த முடிவும் நிற்கிறது. அதையும் மறுப்பையும் விண்ணப்பத்தோடு நானே வைத்துக் கொடுத்தேன். இன்னொரு கம்பெனி படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது.

பிரேக் சரியில்லாத வண்டியை எடுக்க மறுத்ததற்காக உங்கள் பதிவைக் கெடுத்திருந்தால் இந்த வழிகளோடு நிற்காதீர்கள். அது பழிவாங்கல். தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் ஓஷா அமைப்பிடம் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். திருத்தக் கோரிக்கைக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு கைவிட்டுப் போய்விடும்.