மாறாமல் நின்ற இலக்கம்

சம்மாந்துறையில் தெரிந்த நானா ஒருவரின் அரிசி ஆலைக்குப் புதிதாக மூன்று டிஎம்ஆர் (டிஜிட்டல் முறை) வோக்கி டோக்கி வாங்கியிருந்தார்கள். பழைய ஏழும் நன்றாக வேலை செய்கின்றன. புதியவை அவற்றோடு பேச அதே அமைப்புகள் வேண்டும். ஆனால் பழையவற்றைச் செய்து கொடுத்தவர் கோட்பிளக் ஃபைலை, அதாவது செட்டுக்குள் ஏற்றும் அமைப்புகளின் ஃபைலை, தரவில்லை. பழைய செட்டிலிருந்து வாசிக்கப் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. ஆளுக்கு ஃபோன் எடுத்தால் இரண்டு கிழமையாக "நாளைக்குப் பார்ப்பம்" தான்.

சரி, காற்றில் போவதைப் பிடித்தே எடுப்போம் என்று ஆர்டிஎல் டோங்கிளும் (லப்டொப்பில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவர்) லப்டொப்புமாகக் கல்லடியில் பஸ் ஏறினேன். செட்டுகள் அனுப்புவதை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரின் இரண்டு அலைவரிசைகளும் நானாவின் அனுமதிப்பத்திரத்தில் இருந்தன. அந்தக் கடதாசியை முதலில் கேட்டு வாங்குங்கள். ரிப்பீட்டர் அனுப்புவதை டிஎஸ்டி பிளஸ் என்ற மென்பொருள் பிரித்துக் காட்டும். நம் செட் எந்த அலைவரிசையில் அனுப்ப வேண்டும் என்று காட்டாது. இரகசியக் குறியீடு போட்ட செட்டென்றால் இந்த வித்தையும் பலிக்காது, சாவி காற்றில் போவதில்லை.

ஒரு மணித்தியாலம் திரையில் ஒன்றுமே இல்லை. பார்த்தால், டோங்கிளை இயக்கும் எஸ்டிஆர் ஷார்ப் மென்பொருளில் 'ஃபில்டர் ஓடியோ' டிக் போட்டபடி கிடக்கிறது! எடுத்ததும் கொட்டத் தொடங்கியது: கலர் கோட் (ரிப்பீட்டரின் அடையாள எண்) 3, ஸ்லொட் (ஒரே அலைவரிசையை நேரத்தால் பிரித்த இரண்டு பாதைகளில் ஒன்று) 2, கூடவே ஆர்ஐடி, டிஜி என்று இரண்டு இலக்கங்கள். ஒன்றைக் குறித்துக்கொண்டு, ஃபைல் ஏற்றும் கேபிள் வீட்டில் கிடந்ததால் புதிய செட்டுகளையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் புதிய செட்டில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. பழைய செட்டுக்காரர்கள் பேசும்போது பச்சை விளக்கு எரிகிறது, சத்தமில்லை. "தம்பி, லைட் மட்டும் பத்துது, கதையக் காணல்லியே" என்றார் நானா.

நான் குறித்தது ஆர்ஐடி, அதாவது பேசுகிறவரின் செட் இலக்கம். ஒன்றாகப் பேசும் குழுவை, அதாவது டோக் குரூப்பைக் காட்டுவது டிஜி. ஒருவர் பேசியதும் எழுதிவிடாதீர்கள். கேற்றில் நிற்பவர் பேசினாலும் தராசடியில் இருப்பவர் பேசினாலும் மாறாமல் நிற்கிற இலக்கமே டிஜி.

திருத்தினேன். எங்கள் குரல் போனது, அவர்கள் குரல் வரவில்லை. எந்தக் குழுக்களைக் கேட்க வேண்டும் என்று செட்டுக்குச் சொல்லும் ஆர்எக்ஸ் குரூப் லிஸ்ட்டில் அதே டிஜியைச் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்ததும் தராசடியிலிருந்து "லொறி வந்திட்டு" என்று தெளிவாகக் கேட்டதே, அந்த ஒரு வரிக்கு இரண்டு நாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: ஒரே ஃபைலை மூன்றுக்கும் ஏற்றியதில் மூன்று செட்டுக்கும் ஒரே ஆர்ஐடி. நானாவிடம் இன்னும் சொல்லவில்லை.