கிரானில் மட்டும் ஏன் விழுகிறது?

கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்) போட்டால் விழுகிறது. பைத்தான் ஸ்கிரிப்ட்களைப் பராமரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. நிரலில் தேடிப் பயனில்லை, சிக்கல் சூழல் மாறிகளில், அதாவது ஓடும் நிரலுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் பெயர்-மதிப்பு ஜோடிகளில் இருக்கிறது. டெர்மினலில் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் நாம் எக்ஸ்போர்ட் செய்துவைத்த எதையும் கிரான் படிப்பதில்லை. அது தரும் பாத்தும் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகக் குட்டையானது. கிரானின் வேலைப்பட்டியலான கிரான்டேப்பின் தலையில் பாத் வரியை எழுதலாம். ஆனால் டாலர் குறி போட்டுப் பழைய பாத்தோடு சேர்க்க முடியாது, கிரான் அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். முழுப் பாதையையும் எழுதியாக வேண்டும். சந்தேகம் இருந்தால் சூழல் மாறிகளைப் பட்டியலிடும் என்வ் கட்டளையை ஒருமுறை கிரானிலேயே ஓட்டி, வெளியீட்டைக் கோப்பில் பிடித்து, டெர்மினலில் வருவதோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து ஏற்பாடு இதுதான்: ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) தொடங்கும்போது, தன்னைத் தொடங்கிய ப்ராசஸின் சூழல் மாறிகளில் ஒரு நகல் அதற்குக் கிடைக்கிறது. பிள்ளை தன் நகலைத் திருத்தினால் தாய்க்குத் தெரியாது. ஆகவே பைத்தானில் மதிப்பை மாற்றிவிட்டு ஷெல்லில் எக்கோ போட்டுப் பார்த்தால் பழையதுதான் இருக்கும். ஷெல்லையே மாற்ற வேண்டுமென்றால், ஸ்கிரிப்ட் எக்ஸ்போர்ட் வரிகளை அச்சிட, ஷெல் அதை இவால் செய்ய வேண்டும், அதாவது கட்டளையாகவே ஓட்ட வேண்டும்.

பைத்தானின் ஓஎஸ்.என்விரான் அந்த நகலிலிருந்து எடுத்த இன்னொரு நகல். அதில் எழுதினால் இனித் தொடங்கும் பிள்ளை ப்ராசஸ்களுக்கும் மதிப்பு போய்ச்சேரும். நேரடியாக ஓஎஸ்.புட்என்வ் என்ற அழைப்பைப் பயன்படுத்தினால் பிள்ளைகளுக்குப் போகும், என்விரானில் மட்டும் பழைய மதிப்பே நிற்கும். புட்என்வைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நேரமும் முக்கியம். மாட்யூல்களைத் தேடும் இடங்களைச் சொல்லும் பைத்தான்பாத்தை, ஓடும் ஸ்கிரிப்டுக்குள் மாற்றினால் அந்த ஸ்கிரிப்டுக்குப் பலனில்லை, தேடும் பாதைகள் தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டன. எத்தனை த்ரெட் என்று சொல்லும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மதிப்பை, நம்பை என்ற கணக்கீட்டு நூலகத்தின் இறக்குமதிக்கு முன்பே வைக்க வேண்டும். டைம்சோனுக்கான டிஇசட்டை மாற்றினால், யூனிக்ஸில் டைம்.டிஇசட்செட் அழைப்பும் தேவை.

பிற நிரல்களைத் தொடங்கும் சப்ப்ராசஸுக்கு என்வ் என்று ஒரு டிக்‌ஷனரி கொடுத்தால், அது இருப்பதோடு சேராது. மொத்தச் சூழலையும் மாற்றிவிடும், பாத்தும் போய்விடும். என்விரானை காப்பி செய்து அதில் தேவையானதைச் சேர்த்துக் கொடுங்கள்.

மதிப்புகள் எல்லாம் ஸ்ட்ரிங். எண்ணை அப்படியே வைத்தால் டைப்எரர் வரும், அது நல்லது, உடனே தெரிகிறது. ஓசையில்லாமல் கெடுப்பது வேறு: டீபக் மாறியில் ஃபால்ஸ் என்று எழுதி அதை பூல் செய்தால் ட்ரூ கிடைக்கும். வெற்று அல்லாத ஸ்ட்ரிங் எதுவும் ட்ரூதான். ஒன்று, ட்ரூ, எஸ் என ஏற்கும் சொற்களைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுவதே வழி. அதேபோல, வெற்று மதிப்பு வைத்த மாறி இருக்கிறது என்றே கணக்கு. மாறியைப் படிக்கும் கெட்என்வ்வில், அது இல்லாவிட்டால் என்று கொடுத்த மாற்று மதிப்பு அங்கே உதவாது.

டேட்டாபேஸ் முகவரிக்கு லோக்கல்ஹோஸ்ட் என மாற்று மதிப்பு வைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. கட்டாயமானவற்றை என்விரானில் சதுர அடைப்புக்குறியால், ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே படியுங்கள். மாறி இல்லையென்றால் கீஎரர் வந்து, பெயரைச் சொல்லி அங்கேயே நிற்கும். அந்தப் பிழையைத் தேடி என்விரான் முழுவதையும் லாக்கில் கொட்டாதீர்கள், பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். மாறிகளின் பெயர்களை மட்டும் எழுதினால் போதும்.