எலும்பு கூடிய பிறகு

வேலையிடத்தில் விழுந்து கால் முறிந்த ஊழியர், எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டிய பிறகும் சாரத்தில் ஏறத் தயங்கினால், "எம்சிக்காக (மருத்துவ விடுப்புச் சான்றிதழுக்காக) நடிக்கிறான்" என்று சொல்பவர்கள் சிங்கப்பூரில் இன்றும் இருக்கிறார்கள். தமிழ் ஊழியர்களுக்கு மருத்துவமனைகளில் மொழிபெயர்த்து உதவும் தொண்டூழியராக நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது பெரும் அநியாயம்.

விழுந்த கணம் கனவில் திரும்பத் திரும்ப வருவதும், உயரத்தைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்து வியர்ப்பதும், மறுபடி முறிந்துவிடுமோ என்று அஞ்சிக் காலை ஊன்றாமலே இருப்பதும் நடிப்பல்ல. அந்தப் பயம் நீடித்தால் அசைவு குறைந்து, தசை மெலிந்து, வலி கூடுகிறது. வலி கூடக்கூடப் பயமும் வளர்கிறது. இதற்கு வலிமாத்திரை மட்டும் போதாது. இயன்முறை மருத்துவரும் மனநல ஆலோசகரும் கலந்து பேசி, அஞ்சுகிற வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, முதலில் தரையிலும் பிறகு தாழ்வான மேடையிலும் பழக்க வேண்டும்.

2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம், மருத்துவ விடுப்புக்கு மட்டுமன்றி, மருத்துவர் லைட் டியூட்டி (இலகுவான வேலை) எழுதித் தரும் நாள்களில் குறையும் வருமானத்துக்கும் ஈடு தருகிறது. ஊழியர் சீக்கிரமே சக ஊழியர்களிடையே திரும்பிவர இது வழிவிடுவதால், இதை நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். ஆனால், ஸ்டோர் மூலையில் ஒருவரை நாள் முழுவதும் தனியே உட்கார வைப்பது லைட் டியூட்டி ஆகாது.

வொர்க் பெர்மிட் ரத்தாகி, தற்காலிகமாகத் தங்குவதற்கான ஸ்பெஷல் பாஸில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் நிலை இன்னும் கடினம். வேலை செய்ய அனுமதியில்லை. நிரந்தர ஊனத்துக்கு எத்தனை 'பாயிண்ட்ஸ்' (இழப்பீட்டைக் கணக்கிட உதவும் ஊன விழுக்காடு) கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டும். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனோ ஊரில் வட்டியோடு வளர்கிறது. "வீட்டுல சொல்லிடாதீங்கக்கா" என்று கேட்டுக்கொள்பவர், தன் துயரத்தைச் சொல்லி ஆற ஒருவரும் இல்லாமல் போகிறார். லிட்டில் இந்தியாவில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் இத்தகையவர்களுக்கு இலவச உணவு வழங்கி வருகிறது. அங்கே பசி ஆறுவதோடு, தன்னைப் போலவே காத்திருக்கும் நான்கு பேரைப் பார்த்துப் பேசவும் முடிகிறது. எந்தச் சிகிச்சைக்கும் குறையாத உதவி அது. 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் தொண்டு அமைப்பு, மருத்துவத்தோடு மனநல ஆலோசனையும் தருகிறது. ஆனாலும் அங்கே போகலாம் என்று காயம்பட்டவரிடம் யாராவது சொல்ல வேண்டுமே!

ஆகவே முதல் எம்சி முடியும் முன்பே தூக்கம், கனவு, கடன், வீட்டு நிலை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். கேட்பவர் அவருடைய மொழியில், தனியாகக் கேட்க வேண்டும். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சுபவர், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்.