தரங்கம்பாடி: 5,000 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய பயணம்

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மீன் குழம்பை முதலில் எழுதாவிட்டால் மற்ற எதற்கும் கை ஓடாது.

தரங்கம்பாடியிலிருந்து பொறையாறு போகும் வழியில் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு வீடு. திண்ணையில் இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. சமைத்துப் பரிமாறும் அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வைத்த குழம்பு வேண்டுமா தம்பி, நேற்று வைத்ததா? நேற்றையது கொஞ்சம்தான் இருக்கிறது" என்றார். இப்படிக் கேட்பவரிடம் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. சங்கரா மீன். மண்சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக வளையம் கட்டியிருந்தது. ஓர் இரவு முழுக்கப் புளி இறங்கி, முள்ளை ஒட்டிய சதைகூட நிறம் மாறியிருந்தது. மூன்றாவது முறை சோற்றோடு வந்தபோது மனைவி இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். அந்த அம்மா கையை ஒதுக்கிவிட்டுப் போட்டார். இருவர் சாப்பாடு 240 ரூபாய். இந்தப் பயணத்தில் நான் முணுமுணுக்காமல் கொடுத்த ஒரே பணம் அதுதான்.

இனி முணுமுணுப்பு. குடியரசு தின விடுமுறை ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாளாக வந்தது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, நான் விழித்தது 6 நாளுக்கு முன்பு. ஆகவே சென்னையிலிருந்து மயிலாடுதுறைக்குத் தனியார் பஸ், தலைக்கு 700 ரூபாய். சாய்ந்து உட்காரும் இருக்கை என்று போட்டிருந்தார்கள். சாய்ந்தது உண்மை. நிமிரத்தான் மறுத்துவிட்டது. பின்னால் இருந்த பெரியவரின் முழங்கால்மேல் நான் பாதி இரவு படுத்திருந்தேன். பாவம், அவர் ஒன்றும் சொல்லவில்லை. விண்டுசீல்டுக்கு மேலிருந்த நீல விளக்கு மட்டும் விடிய விடிய எரிந்தது.

மயிலாடுதுறையில் இறங்கியதும் தரங்கம்பாடிக்கு 900 ரூபாய் என்றார் ஓர் ஆட்டோக்காரர். கும்பிட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குள் போனோம். வந்தது நகரப் பேருந்து. மனைவிக்குக் கட்டணம் இல்லை, எனக்கு மட்டும் டிக்கெட். ஆக்கூர், திருக்கடையூர் தாண்டும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மிச்சம் பிடித்த அந்தப் பணத்தில் 250 ரூபாயை உள்ளூர் ஆட்டோ வாங்கிக்கொண்டது. இறங்கிய இடத்திலிருந்து அறைக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, "இங்கே காற்றில் ஓசோன் அதிகம் சார், உடம்புக்கு நல்லது" என்றார். ஊர் முழுக்க இதையே பெருமையாகச் சொல்கிறார்கள். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருந்தால்தான் நமக்குக் காவல், மூக்குக்கு அருகே வந்தால் நுரையீரலுக்குக் கேடு. கடற்காற்று நன்றாகத்தான் இருந்தது. அதற்கு ஓசோனும் வேண்டாம், 250 ரூபாயும் வேண்டாம்.

அறை 1,800 ரூபாய். சுத்தமாக இருந்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்குள் நுழையும்போதே 1792இல் கட்டிய வெள்ளை வாயில். அதைத் தாண்டினால் ராஜா வீதி, ஹாரன் சத்தம் சட்டென்று குறைந்துவிடுகிறது. கடைசியில் கடலைப் பார்த்தபடி டேனிஷ் கோட்டை. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் கட்டியது. நாயக்கர் அந்நாட்டு அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் டென்மார்க்கில்தான் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டு ஊர், ஒரு கோட்டை, 12.5 லட்சம்! நான் வாகனம் நிறுத்தும் இடத்துக்கே விலை விசாரித்து மூர்ச்சையானவன் என்பதால் இந்தக் கணக்கு மனதைவிட்டுப் போகவில்லை.

புதிய எருசலேம் தேவாலயத்தில்தான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். 1718இல் கட்டி முடித்தது. கட்டியவர் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, மறு ஆண்டே இறந்து உள்ளேயே அடக்கமாகியிருக்கிறார், 36 வயதில். 1706இல் வந்து இறங்கிய இளைஞர் தமிழ் கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டும் முடித்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்திருக்கிறார்கள். செலவை நினைத்துக் கவலைப்பட்டவர்கள் என்றதும் எனக்கு அவர்கள்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நின்றோம். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 700 ஆண்டுகளுக்கு மேலாகிறது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்களின்மேல் ஒருவர் வலையைப் பிரித்து, சிக்கிய நண்டின் கால்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார். ஒரு காலும் முறியவில்லை. அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரிடமே விலை கேட்டு அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினேன், 200 ரூபாய். எல்லாம் அங்கே தொடங்கியது.

திரும்பும் பஸ் தலைக்கு 1,600. அதே தூரம், கடைசி வரிசை. பஸ் நிற்கும் இடத்தையும் அரை மணி நேரம் முன்பு மாற்றினார்கள், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஏறியதும் உதவியாளர் மூக்கைச் சுருக்கி, "என்ன சார் வாசனை?" என்றார். நான்கு உறை போட்டுக் கட்டியும் காட்டிக்கொடுத்துவிட்டது. அடியில் வைக்க 100 ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆக, கருவாடு 300 ரூபாய். பெருங்களத்தூருக்கு முன்பே விடிந்துவிட்டது. ஊர் போன அத்தனை பேரும் அதே மணிக்குத் திரும்பியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரு லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதிலிருந்த திருக்குறள் மனப்பாடம் ஆகிவிட்டது.

வீட்டுக் கதவைத் திறந்தால் மூடிக் கிடந்த வாடை. பால்காரரிடம் சொல்ல மறந்ததால் வாசலில் மூன்று நாள் பால் பாக்கெட் உப்பிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி காலி. பத்து மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஷூவைக் கவிழ்த்தால் ஒரு கைப்பிடி மணல். கணக்குப் பார்த்தேன்: 7,700 ரூபாயைத் தொட்டுவிட்டது, அதில் 4,600 இரண்டு பஸ்ஸுக்கே.

இரவு கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து, "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டு ஒரு கிண்ணம் கொண்டுபோனார். நான் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் இன்னொரு முறை போய்விட்டு வரலாமா?" என்றாள்.

நோட்டைக் கீழே வைத்துவிட்டு, நாட்காட்டியில் 60 நாள் எண்ணத் தொடங்கினேன்.