நாலு படி மாவு

"என் நஷ்டத்த இதுல எங்க சார் எழுதியிருக்கீங்க?" என்று அந்த அக்கா கேட்டார். "அது இந்தக் கணக்குல வராதுங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. வருஷங்கள் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை.

பாதியில் நின்ற மேம்பாலத்தின் கீழே அவருடைய இட்லிக் கடை. வாசலை மறைத்துத் தகரத் தடுப்பு. வண்டிகளெல்லாம் டைவர்ஷனில் போய்விடும். தாமதத்தால் வந்த பொருளாதார இழப்பை மதிப்பிட வண்டி எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்தோம். கூடுதல் டீசல், டயர் தேய்மானம், பயணிகளின் நேரம், விபத்து என்று எல்லாவற்றுக்கும் தாளில் இடம் இருந்தது.

கடை நஷ்டத்தைச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. இங்கே சாப்பிடாத லாரி டிரைவர் அடுத்த ஊரில் சாப்பிட்டிருப்பார். காசு கை மாறியதே தவிர, நாட்டுக்கு இழப்பில்லை. இன்றைக்குச் செய்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் கூட்டிப் பார்த்தால்தான் அது பூஜ்யம். அடுத்த ஊர்க் கடைக்காரர் இவருக்கு ஒரு ரூபாய்கூடத் தரப்போவதில்லையே.

தாமதத்துக்கு உதாரணமாகச் சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலையைச் சொல்வார்கள். 2009-ல் அடிக்கல், 2012-ல் வேலை நின்றது, 2022-ல் 5,850 கோடிக்கு மேல் மதிப்பீட்டில் மறுபடி அடிக்கல். பழைய மதிப்பீட்டைக் கழித்துவிட்டு, தாமதத்தின் விலை இதுதான் என்பார்கள். தப்பு. புதியது ஈரடுக்குப் பாலம், பழையது வேறு. பாலம் இல்லாத அத்தனை வருஷமும் கன்டெய்னர் லாரிகள் நெரிசலில் இழந்த நேரம்தான் உண்மையான விலை. இதையெல்லாம் சரியாகப் பிரிக்கத் தெரிந்த எனக்கு அந்த அக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. நாங்கள் பயன்படுத்திய முறையில் கார் பயணியின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை, சாதாரண பஸ் பயணிக்கு அதைவிடக் குறைவு. வருமானத்தை வைத்து வந்த எண், சரிதான். அதை நிரப்பும்போது நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தடுப்பு வைத்ததும் பஸ் ஸ்டாப் தள்ளிப்போய், அந்த அக்காவே தினமும் மாவு வாளியோடு நடந்துகொண்டிருந்தார்.

முன்னே நாலு படி அரைத்தாராம், இப்போது ஒன்றரை. எண்ணிக்கைத் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். அறிக்கையில் "சாலையோரக் கடைகளின் வருமானம் பாதிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி சேர்த்தேன். அதில் எண் எதுவும் போடவில்லை.